பேர் இன்னா வச்சீங்க?

தெள்ளாரில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவளை ஆட்டோவில் அழைத்துவந்து இறக்கி, ஆரத்தி சுற்றி, அந்தத் தண்ணீரை வாசலில் கொட்டி முடிப்பதற்குள் இரண்டு கேள்விகள் வந்துவிடும். ஒன்று, ஆம்பளப் புள்ளையா, பொட்டப் புள்ளையா? மற்றது, “பேர் இன்னா வச்சீங்க?”

போன மாசியில் எதிர்வீட்டு மருமகள் இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில், திண்ணையில் உட்கார்ந்திருந்த என் ஆயாவின் காதில் சரியாக விழவில்லை. “யக்ஷிதாஸ்ரீ, ஆயா” என்று அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள். ஆயா கையைக் காதோரம் குவித்துக்கொண்டு, “எச்சித் தாத்தாவா?” என்றாள். தெருவே சிரித்தது. அந்தப் பெண் முகம் சுண்டி உள்ளே போய்விட்டாள். ஆயா விடவில்லை. “அது ஆபீசுக்கு. ஊட்ல கூப்புட்ற பேர் இன்னான்னு கேளுடா” என்று என்னை அனுப்பப் பார்த்தாள்.

ஆயாவின் பெயர் மண்ணாங்கட்டி. தொண்ணூறை நெருங்குகிறாள். செல்லப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் அதுவேதான். பதினைந்தடி அகலத் தெரு. ஒரு பக்கத் திண்ணையில் மண்ணாங்கட்டி, எதிர்ப்பக்கத் தூளியில் யக்ஷிதாஸ்ரீ. இதில் எது கோளாறான பெயர் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைத் தேடிப் போன கதைதான் இது.

பெயர் விஷயத்தில் எங்கள் ஊருக்கே ஒரு கதை உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியர் படையை இங்கேதான் முறியடித்தான். அன்றிலிருந்து அவன் ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’. பெற்றவர்கள் வைத்த பெயருக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்ட ராஜா என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு இன்றைக்கும் பெருமைதான். அவன் பேரில்தான் நந்திக் கலம்பகம் பாடப்பட்டது. அவ்வளவு பெரிய ராஜா தன் மகனுக்கு வைத்த பெயர் என்ன? நிருபதுங்கன். அது ராஷ்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷனின் இன்னொரு பெயர். ராணி அந்த வீட்டுப் பெண், அதனால் தாய்வழித் தாத்தாவின் பெயர் பேரனுக்கு வந்தது என்பது வரலாற்று ஆசிரியர்களின் கருத்து. காஞ்சிபுரத்து இளவரசனுக்கு ராஷ்டிரகூடத் தலைநகர் மான்யகேடத்துப் பெயர்! அரண்மனைப் பெண்கள் அன்றைக்கு அதைச் சொல்ல நாக்கைச் சுழற்றியிருப்பார்கள். எங்கள் ஊர் மட்டும் என்ன, ‘தெள்ளாறு’ என்ற ஆற்றுப் பெயர் தேய்ந்து ‘தெள்ளார்’ என்று பஸ் போர்டில் நிற்கிறது. எண் கணித ஜோசியருக்குக் காசு கொடுக்காமலே ஒரு வல்லின றகரத்தைத் தொலைத்த ஊர் இது.

மண்ணாங்கட்டிக்கு வருவோம்.

ஆயாவுக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். நான்கும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. ஐந்தாவதாக இவள் பிறந்ததும் முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தற்செயலாகப் பார்த்ததுபோல வந்து, தூக்கிக்கொண்டுபோய், பெற்றவளிடமே ஒரு படி தவிட்டுக்கு விற்றாள். பிள்ளைமேல் கண் வைத்திருக்கும் சாவு, ‘இது குப்பை, இது மண்ணு, இதற்கு மதிப்பில்லை’ என்று நினைத்து விட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்குத்தான் அந்த நாடகம், அதற்குத்தான் அந்தப் பெயர். 1900களில் தென்னாட்டு வழக்கங்களைத் தொகுத்த எட்கர் தர்ஸ்டன்கூட இந்தச் சடங்குகளை எழுதிவைத்திருக்கிறார். குப்பன், குப்பம்மாள், குப்புசாமி, தவிட்டான், பிச்சை, பிச்சையம்மாள் எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தான். மூக்கனும் மூக்கம்மாளும் இன்னொரு வகை. முன்பிறந்தவை தங்காத வீட்டில் பிறந்த பிள்ளைக்கு, ஆணாக இருந்தாலும், மூக்கைக் குத்திவிடுவார்கள். மூளியான பண்டத்தை எமன் எடுக்கமாட்டானாம்.

பிறந்த குழந்தைகளில் பல முதல் பிறந்தநாளைப் பார்க்காத காலம் அது. பெற்றவளின் பயத்துக்கு அன்றைக்குத் தடுப்பூசி கிடையாது, பெயர்தான் தடுப்பூசி. அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்க எனக்கு இப்போது கூசுகிறது. உலகத்தின் காசைக் கொட்டினாலும் ஆயா அந்தப் பெயரை மாற்றமாட்டாள். “இந்தப் பேராலதாண்டா நான் கெடக்கறேன்” என்பாள்.

இந்தக் கூட்டத்துப் பெயர்களில் ஒன்று உலகம் சுற்றுவதையும் பார்த்துவிட்டோம். 1972-ல் மதுரையில் பிறந்த சுந்தரராஜன், அமெரிக்கா போய், 2015-ல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது ‘பிச்சை’. கலிபோர்னியாவில் அதை என்ன சுருதியில் உச்சரித்தாலும் நம் ஊர் ஆயாக்களுக்குப் பொருள் தெரியும்: சாமியிடம் கேட்டு வாங்கியது. தமிழனுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். விசா விண்ணப்பத்திலோ அந்த ஓர் எழுத்து விரிந்து முழுப் பெயராக நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் அமெரிக்க அலுவலகங்களில் எத்தனையோ பெண்களை ‘மிஸ் குப்புசாமி’ என்றும் ‘மிஸ் பாவாடை’ என்றும் கூப்பிடுகிறார்கள். அப்பாவைக் காப்பாற்ற வைத்த பெயர் மகளின் மேஜைப் பலகையில்!

ஆனால் எல்லா இழிபெயரும் பாசத்தில் பிறந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மனுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயம் யாருக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று விதிக்கிறது. பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம். சூத்திரனுக்கு? இகழ்ச்சி தோன்றும் பெயர். அதற்கும் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிள்ளைக்கு நல்ல பெயர் வைத்தால், அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல மறுத்து, ‘அன்’ விகுதியில் குறுக்கி, ‘டேய்’ சேர்த்துக் கூப்பிட்ட தெருக்கள் எங்கள் வட்டாரத்திலேயே இருந்தன. பெற்றவர்கள் முட்டாள்தனமாகப் பெயர் வைத்தார்கள் என்று சிரிக்கும்போது, வேறு பெயர் வைக்க விடாதவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இன்னொரு வகைப் பெயரை மட்டும் என்னால் எந்தச் சமாதானம் சொல்லியும் ஏற்க முடியவில்லை.

திருத்தணி பக்கத்தில் நாராயணபுரம் என்று ஒரு கிராமம். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், கடைசிப் பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைப்பார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. வாக்கியம் இல்லை ஐயா, பெயர். வகுப்பில் வாத்தியார் ‘வேண்டாம்’ என்று கூப்பிட, அந்தப் பிள்ளை எழுந்து ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். 2019-ல் அந்தப் பெயர்கொண்ட ஒரு பொறியியல் மாணவிக்கு ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் ஆண்டுக்கு 22 லட்சம் ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அப்போதுதான் வெளியுலகம் அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அவரையே பெண் குழந்தைகள் காப்புத் திட்டத்தின் விளம்பர முகமாக்கியது. வேண்டாம் என்று சொன்ன ஊருக்கு அவர் முகத்தைப் போட்டு ‘பெண் வேண்டும்’ என்று சுவரொட்டி.

இது அந்த ஒரு கிராமத்தோடு போகவில்லை. போதும்பொண்ணு, போதுமணி என்ற பெயர்களை வட மாவட்டங்களிலும் பார்க்கலாம், தெற்கேயும் பார்க்கலாம். என் பெரிய அத்தை பெயர் போதும்பொண்ணு. அவளுக்குப் பின் இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள் என்பது வேறு கதை. சாமிக்குக் காது கேட்கவில்லையோ, தமிழ் தெரியவில்லையோ! அத்தை கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரை ‘பொன்னி’ என்று அச்சடிக்கச் சொல்லி அழுதிருக்கிறாள். தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. “பத்திரிகையில வேற பேர் போட்டா, வேற பொண்ணத் தர்றோம்னு நெனச்சிக்குவான்” என்றாராம். அத்தை இன்றைக்கும் கையெழுத்தில் ‘போ’ மட்டும் எழுதிக் கோடு இழுத்துவிடுகிறாள். வங்கியில் சண்டை போடுவார்கள், அவள் மசியமாட்டாள்.

மராட்டியத்தில் இதற்கு ‘நகுஷா’ என்று பெயர், வேண்டாதவள். 2011 அக்டோபரில் சாதாரா மாவட்ட நிர்வாகம் அப்படிப் பெயர் தாங்கிய 285 சிறுமிகளை ஓரிடத்தில் கூட்டி, அவரவர் விரும்பிய புதுப் பெயரைச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தது. சில பிள்ளைகள் சினிமா நடிகையின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐஸ்வர்யாவாக ஆசைப்பட்டதில் என்ன தப்பு? பத்து வருஷம் ‘வேண்டாதவளே, இங்கே வா’ என்று கேட்ட காது அது. குப்பை என்ற பெயர் பிள்ளை நிலைக்க வேண்டும் என்று வைத்தது. வேண்டாம் என்ற பெயர், வந்ததற்குத் தண்டனையாக வைத்தது. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது.

அடுத்து அரசியல். தமிழ்நாட்டில் பெயர் வைப்பதும் மேடை ஏறுவதும் ரொம்ப காலமாகவே ஒன்றுக்குள் ஒன்று. 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். இவை வளர்ந்த மனிதர்கள் தாங்களே தேர்ந்துகொண்ட பெயர்கள். தன் சட்டையைத் தானே தைத்துக்கொள்கிறவனை யார் கேட்பது? பிள்ளைக்குத் தைக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது. பெரியார் சோவியத் நாட்டைச் சுற்றிவிட்டு வந்த 1930களுக்குப் பிறகு சுயமரியாதைக் குடும்பங்களில் ரஷ்யா, மாஸ்கோ, லெனின், சாக்ரடீஸ், இங்கர்சால் எல்லாம் தவழ ஆரம்பித்தார்கள்.

1953 மார்ச் 1 அன்று கருணாநிதிக்கு மகன் பிறந்தார். பெரியாரின் ‘ஐயா’வையும் அண்ணாதுரையின் ‘துரை’யையும் சேர்த்து ‘அய்யாத்துரை’ என்று வைக்கத்தான் முதலில் எண்ணம். மார்ச் 5-ல் மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்ட மேடையிலேயே பிள்ளையின் பெயர் ஸ்டாலின் என்று முடிவாகிவிட்டது. நான்கு நாள் வித்தியாசத்தில் நமக்கு ஒரு முதலமைச்சர் அய்யாத்துரை தப்பிப்போனார். பள்ளியில் சேர்க்கப்போன இடத்தில் பெயரை மாற்றச் சொன்னார்கள், அப்பா பள்ளியைத்தான் மாற்றினார் என்றும், ரஷ்யா போனபோது விமான நிலையத்தில் பெயரைக் கேட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள் என்றும் மு.க. ஸ்டாலினே மேடைகளில் சொல்லியிருக்கிறார். பார்க்காமல் இருப்பார்களா? ஸ்டாலின்கிராடு என்ற நகரத்துக்கே 1961-ல் பெயரை மாற்றி வோல்கோகிராடு ஆக்கியவர்கள் அவர்கள். அதே மு.க. ஸ்டாலின், இன்று திருமணங்களுக்குப் போனால் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வையுங்கள் என்று மணமக்களைக் கேட்டுக்கொள்கிறார். அனுபவம் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை. மாஸ்கோ ஸ்டாலினுக்கு அது அப்பா வைத்த பெயர் இல்லை, லெனினும் அப்படித்தான். ஜுகாஷ்விலியும் உல்யானோவும் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவ வைத்துக்கொண்ட தலைமறைவுப் பெயர்கள் அவை. ஜார் மன்னனின் ரகசியப் போலீசுக்குப் பயந்து வைத்த பெயர்கள் வந்தவாசித் தாலுகா பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. சோவியத்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் லெனினைத் திருப்பிப் போட்டு ‘நினெல்’ என்று பெண் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். நல்லவேளை, நாம் அண்ணாவைத் திருப்பிப் போடவில்லை.

2021 ஜூன் 13-ல் சேலத்தில் நடந்த கல்யாணம் உலகச் செய்தியானது. மணமகன் பெயர் சோஷலிசம். அண்ணன்கள் கம்யூனிசம், லெனினிசம். மணமகளுக்கு அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சரின் முழுப் பெயர், இனிஷியல் மட்டும் வேறு. மணமகனின் அப்பா அப்போது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சேலம் மாவட்டச் செயலாளர். சோவியத் ஒன்றியம் உடைந்து, கம்யூனிசம் முடிந்தது என்று ஊரெல்லாம் பேசிய நேரத்தில் மனைவி கர்ப்பமாக இருந்தாராம். முடிந்துவிடவில்லை என்று காட்டத்தான் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள். எனக்கு அந்த மனிதரின் பிடிவாதத்தைப் பிடித்திருக்கிறது. ஊர் உலகமே கைவிட்ட சரக்கைத் தன் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவைக்கத் தைரியம் வேண்டும். அந்தப் பிள்ளைகளும் அப்பாவைக் குறை சொல்லாமல் கல்யாணப் பந்தலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பகுதியில் மாஸ்கோ, வியட்நாம், செக்கோஸ்லோவாகியா என்றெல்லாம் பெயர்கள் உண்டு என்று அப்போது செய்தி வந்தது. செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1993 ஜனவரி 1 முதல் உலகத்தில் இல்லை, சேலத்தில் மட்டும்தான் இருக்கிறது.

தலைவர் பெயர் வைப்பது நம் ஊரோடு நிற்கவில்லை. மேகாலயாவில் அடால்ஃப் லு ஹிட்லர் மராக் என்ற அரசியல்வாதி தேர்தல் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். அங்கே ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயரிலும் வேட்பாளர் உண்டு. ஆப்பிரிக்காவில் நமீபியாவில் 2020 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர் பெயரும் அடால்ஃப் ஹிட்லர்தான். அந்தப் பெயருக்கு உடையவன் யார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்காது என்றார் அவர். பெயரின் ஓசை பிடித்தது, வைத்தார்கள். எங்கோ நடக்கிறது என்று சிரிக்காதீர்கள், நாமும் அதைத்தான் செய்கிறோம். பிறகு வருகிறேன்.

நன்றாக இருந்த பெயர் பிற்பாடு கெட்டுப்போவதும் உண்டு. எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டப்பெயர். கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவன் என்ற கதை பரவிய பிறகு எந்தத் தாய் அதைத் தொட்டிலில் சொல்வாள்? மாதவி என்று ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள், கோவலன் என்று ஒரு பையனைப் பிடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

அன்றைய செய்தித்தாளைப் பார்த்துப் பெயர் வைப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2016 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தில் வங்கி வரிசையில் பிறந்தவனுக்கு ‘கஜாஞ்சி’, 2017 ஜூலை 1-ல் ராஜஸ்தானில் பிறந்த குழந்தைக்கு ‘ஜிஎஸ்டி’. 2020 வந்ததும் ராய்ப்பூர் இரட்டையருக்கு கொரோனா, கோவிட். உத்தரப் பிரதேசத்தில் ஒரு பையன் லாக்டவுன். செய்தித்தாள் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும், பெயர் போகாது.

எங்கள் ஊருக்கே திரும்பிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை ஒரு டீச்சர் எனக்குக் காட்டினார். ருத்விக், தன்ஷிகா, க்ரிஷ்மிதா, லக்ஷித், ஹர்ஷவர்தினி, ப்ரணிகாஸ்ரீ. முப்பது பெயரில் இருபதில் கிரந்த எழுத்து. “அ, ஆ எழுதச் சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி க்ஷ எழுதச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கு சார்” என்றார் டீச்சர். “தன் பேரையே தப்பா எழுதுற புள்ளைய எப்படித் திட்டறது? எனக்கே சந்தேகமா இருக்கு.” 2021 டிசம்பரில் மாணவர்களின் முதலெழுத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. முதலெழுத்து தமிழாகிவிட்டது, மீதி எழுத்துகளுக்குத்தான் வழியில்லை.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? முதலில் நட்சத்திரம். ஒவ்வொரு நட்சத்திரப் பாதத்துக்கும் ஓர் எழுத்து என்று ஜோசியர் சீட்டு எழுதித் தருவார். திருவாதிரைக்கு கு, க, ங, ச. அஸ்தத்துக்குப் பூ, ஷ, ண, ட. டகரத்திலும் ணகரத்திலும் ரகரத்திலும் லகரத்திலும் தமிழ்ச்சொல் தொடங்காது என்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். அந்தச் சீட்டு நமக்கு எழுதியதே இல்லை, வடமொழிக்கு எழுதியது. ‘ண’வில் பெயர் தேடி அலைகிற அப்பாவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அடுத்தது எண் கணிதம். அதுவும் ஆங்கில எழுத்துக்குத்தான் எண் வைத்திருக்கிறது. தெள்ளார்க் குழந்தையின் அதிர்ஷ்டத்தை ஆங்கில ‘ஏ’ ஒன்றா இரண்டா என்பது முடிவு செய்கிறது. பிற்பாடு ஆதாரில் ஒரு ‘ஏ’, மதிப்பெண் சான்றிதழில் இரண்டு ‘ஏ’, பாஸ்போர்ட்டில் ஓர் ‘எச்’ கூடுதல் என்று பிள்ளை ஈ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும். அதிர்ஷ்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது கைப்பேசி. ‘மாடர்ன் தமிழ் பேபி நேம்ஸ்’ என்று தேடினால் கொட்டும் பட்டியலில் பொருள் என்று ஒரு பத்தி இருக்கும். எதற்கும் ‘கடவுளின் அருள்’, ‘ஒளி’, ‘இளவரசி’ இந்த மூன்றில் ஒன்று. ஓசை பிடித்தால் வைத்துவிடுகிறார்கள். ஹிட்லரை அப்படித்தான் அங்கேயும் வைத்தார்கள் என்று சற்றுமுன் சொன்னேனே, நினைவிருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்குக் ‘கனிஷ்கா’ என்று ஆசையாக வைக்கிறார்கள். கனிஷ்கர் குஷாணப் பேரரசர், ஆண். வரலாற்றுப் பாடத்தில் தன் பெயரைச் சந்திக்கும் பெண் பிள்ளையின் பாடு என்ன ஆகும்? ‘அனாமிகா’ என்றால் பெயரில்லாதவள். பெயரில்லாதவள் என்று ஒரு பெயர்! ‘பிரதீக்ஷா’ என்றால் காத்திருத்தல், ரயில் நிலையத்தில் எழுதிவைக்கிற சொல். நம் எதிர்வீட்டு யக்ஷிதாவுக்கு எந்த அகராதியிலும் எனக்குப் பொருள் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருப்பது யட்சி. யட்சி என்றால் ராத்திரியில் வெளியே போகாதே என்று ஆயா சொல்வாளே, அவள்.

ஆனால் இந்த இளம் பெற்றோரைத் திட்டவும் எனக்கு முழு மனசு இல்லை. பெயரைக் கேட்டாலே சாதியும் தெருவும் தெரிந்துவிடுகிற ஊரில், எதையும் காட்டிக்கொடுக்காத ஒரு பெயர் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ருத்விக் எந்தத் தெரு என்று பேரை வைத்துச் சொல்ல முடியாது. பாட்டனுக்கு ஊர் வைத்த பெயரைப் பேரன் ஏன் சுமக்க வேண்டும்? அதற்கு யாழினி, இனியன், கயல், நிலவன், முகிலன் என்று வாயில் இனிக்கிற பெயர்கள் இருக்கின்றனவே என்பதுதான் என் வாதம். அவையும் சாதி சொல்லாது, ஆயா காதிலும் விழும்.

எங்கள் வட்டாரத்தில் ஆரணிப் பட்டுக்குத் தறி ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். கை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தது. “ஊடு நூலு புடிக்கலன்னா தார மாத்திக்கலாம் சார். பாவு அப்படியில்ல. சாயம் ஏத்தி, தறியில பொணச்சிட்டா, பொடவ முடியற வரைக்கும் அந்த நெறந்தான்” என்றார். வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஊடு, சான்றிதழில் ஏறுகிற பெயர் பாவு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இது இன்னும் இறுகிவிட்டது. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பிறகு மாற்ற வேண்டுமானால் தமிழ்நாடு அரசிதழில் விளம்பரம் கொடுத்து, அந்தப் பக்கத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏற வேண்டும்.

வெளிநாடுகளில் அரசே கையைப் பிடிக்கிறது. ஜப்பானில் 1993-ல் பிள்ளைக்கு ‘அகுமா’, அதாவது பிசாசு என்று பெயர் வைக்க வந்த அப்பாவோடு நகராட்சி மல்லுக்கு நின்றது. பிரான்சில் ‘நுடெல்லா’ என்ற சாக்லேட் பசையின் பெயரை நீதிமன்றம் ‘எல்லா’ என்று வெட்டியது. நியூசிலாந்தில் 2008-ல் ஒன்பது வயதுச் சிறுமியை நீதிமன்றம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, பெயரை மாற்றுவதற்காக மட்டும். ‘ஹவாயிலிருந்து வந்து ஹூலா நடனம் ஆடும் தலூலா’ என்று ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்திருந்தார்கள். தோழிகளிடம் அந்தச் சிறுமி தன் பெயரைச் சொன்னதே இல்லை. ‘கே’ என்று ஓர் எழுத்தைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். படித்தபோது ‘போ’ எழுதிக் கோடு இழுக்கும் என் அத்தை ஞாபகம் வந்தது.

மலேசியா 2006-ல் விலங்கு, பழம், நிறம், எண், ஜப்பானிய கார் ஆகியவற்றின் பெயர்களைக் குழந்தைகளுக்கு வைக்கக்கூடாது என்றது. நம் கருப்பையாவும் வெள்ளையம்மாளும் அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். எனக்கு அரசாங்கம் பெயர் பார்ப்பதில் சம்மதமில்லை. மண்ணாங்கட்டியைத் தடுக்கிற அதிகாரி நாளைக்கு யாழினியையும் தடுப்பான். நம் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் அப்படி ஒரு தடைப் பட்டியல் இல்லாதது நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டிய இன்னொன்று இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், பெயரை அப்போதே எழுத வேண்டும் என்பதில்லை. 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வயது வரை தமிழ்நாட்டில் 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில், தூக்கமில்லாத கண்ணோடு, மாமனார் ஒரு பக்கம் மச்சான் ஒரு பக்கம் கைப்பேசியை நீட்ட, அவசரமாக எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பிள்ளை சிரிக்கட்டும், குப்புற விழட்டும், தவழட்டும். அதன் முகத்தைப் பார்த்துப் பெயர் வையுங்கள். வைப்பதற்கு முன்னால் தெருமுனையில் நின்று அந்தப் பெயரை ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்கும் வயதானவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

எதிர்வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அப்பாக்காரர் எண் கணிதத்தில் நிற்கிறார். அம்மாவுக்கு ஆயா சொன்ன ‘எச்சித் தாத்தா’ காதிலேயே நிற்கிறது. ஆயா அந்தக் குழந்தையைக் ‘கண்ணு’ என்று கூப்பிடுகிறாள், அது திரும்பிப் பார்க்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடம் இன்னும் காலி. வருகிற மாசி வரை கட்டணம் கிடையாது.